பாவாடை மடிப்பில் தைத்த வாஷர்கள்

கண்ணு,

இன்று ஊசி தேடித் தையல் மிஷின் டிராயரைத் துழாவினேன். துருப்பிடித்த இரும்பு வாஷர் ஒன்று விரலில் பட்டது. பன்னிரண்டில் மிஞ்சியது. மற்ற பதினொன்றும் உன்னோடு போய்விட்டன.

மில்லுக்காரர் வீட்டு அம்மாவுக்கு ஜாக்கெட் அளவெடுக்கப் போனபோது பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். எனக்கு ஏது இங்கிலீஷ், நீதான் படித்தாய். சீமைப் பெண்கள் கடலில் குளிக்கப் போட்ட உடுப்புகள் வரிசையாக இருந்தன. முதல் படத்தில் கணுக்கால் மூடிய கவுன், காலுறை. வரவரக் குறைந்து, கடைசியில் உடம்போடு ஒட்டிய பனியன் துணி.

"ஏனுங்மா, அப்பெல்லாம் கவுனு தண்ணீல மேல தூக்காம இருக்க அடிமடிப்புல ஈயம் வெச்சுத் தெப்பாங்களாமா! மீன் வலையாட்ட!" என்று சிரித்தாய். பிறகு கடைசிப் படத்தைத் தொட்டு, "இதாட்ட ஒண்ணு தெச்சுக் குடுங்மா. கெணத்துல நீஞ்சறப்ப பாவாடை காலச் சுத்துது" என்றாய்.

"பாடையில போறப்ப தெச்சுத் தாறேன், போட்டுக்க" என்றேன். என் வாய் அப்படி.

அந்த வாரமே, உனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளையின் அம்மா வந்தாள். "ஏனுங் அம்மணி, புள்ள கெணத்துல குதிச்சா பாவாடை கொடையாட்ட விரியுதாமா? எங்கூட்டுல யோசிக்கறாங்க" என்றாள். காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள்.

கல்யாணம் நின்றுபோகுமென்று எனக்கு உதறல். நீயோ நீச்சலை விடமாட்டாய். பம்புசெட் பட்டறையிலிருந்து உன் அப்பா கொண்டுவந்திருந்த வாஷர்களை எடுத்தேன். நீ படித்துச் சொன்ன சீமை வித்தையையே செய்தேன்.

பாவாடையைக் கையில் வாங்கியதும், "என்னங்மா இந்தக் கனம்?" என்றாய்.

"கனக்கட்டும். அப்பத்தான் அடங்கிக் கெடப்ப."

மடிப்பைத் தடவிப் பார்த்தாய். "மீன் வலைங்ளா?" என்று சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டு போனாய்.

மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் உன்னைத் தூக்கிவந்தார்கள். ஈரப் பாவாடை உன் இரண்டு காலையும் சேர்த்துச் சுருட்டிப் பிடித்திருந்தது. பிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, கூடியிருந்த பெண்களிடம் சொன்னாள்: "துணி ஒரு வெரக்கட வெலகல பாருங். மானமாத்தான் போயிருக்கறா."

அதைக் கேட்டதும், அழுதுகொண்டிருந்த எனக்கு ஒரு நொடி நெஞ்சு குளிர்ந்தது, கண்ணு.

வாஷரை எறியக் கை வரவில்லை. டிராயரிலேயே போட்டுவிட்டேன். நெஞ்சு குளிர்ந்ததை உன் அப்பாவிடம்கூட இதுவரை சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.