பாக்கியம் அண்ணியின் பச்சைச் சதுரம்

என் பாசத்துக்குரிய பாக்கியம் அண்ணிக்கு,

நீங்கள் கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார். மாத்திரையை மறக்கிறார், காலைக் கோப்பியை மட்டும் மறப்பதில்லை. சுங்காயில் நீங்கள் மரம் சீவிய தோட்டத்தில் ரப்பரையெல்லாம் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்களாம். அண்ணன்தான் போன வாரம் அந்தப் பக்கம் போய்வந்து சொன்னார்.

ஆனால் இதைச் சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. உங்கள் மகள் செலின் வருகிற சனிக்கிழமை தெலுக் இந்தானிலிருந்து வருகிறாள். நீங்கள் பின்னிய பச்சைச் சதுரத்தை வாங்கிப்போக வருகிறாள். அண்ணி, அதை நீங்கள் பின்னவில்லை. நான்தான் பின்னினேன். இது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதியா, உங்களுக்கும் தெரியுமா? பத்து வருடமாக இந்தக் கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

பத்து வருடத்துக்கு முன்னால், எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் நம் கோவில் மண்டபத்தில் வியாழக்கிழமை தவறாமல் கூடுவோமே, பதினோரு பெண்கள், ஆளுக்கொரு கொக்கி ஊசியும் கம்பளி நூலுமாக. அந்தக் குரோஷே குழுவுக்கு நான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நானே ஆகிக்கொண்டேன். ஒருநாள் ஊர் மாதர் சங்கத்து மிஸஸ் சோங் வந்தார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய சுவர்த்திரை செய்யப்போகிறோம், மலாய்ப் பெண்கள் ஒரு வரிசை, சீனப் பெண்கள் ஒரு வரிசை, ஆஸ்பத்திரித் தாதிகள் ஒரு வரிசை, உங்களுக்கும் ஒரு வரிசை உண்டு, வருகிறீர்களா என்றார். ஆளுக்கு எட்டங்குலச் சதுரம் ஒன்று. அளவு பார்க்க அட்டையும் வெட்டிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீங்கள் பச்சை நூலை எடுத்தீர்கள். மரம் சீவ மட்டும்தான் உங்களுக்கு வலது கை. வெட்டு ஒரே பக்கம் சரிய வேண்டும் என்று கங்காணி இடது கையால் சீவ விட்டிருக்க மாட்டார். மற்ற வேலைக்கெல்லாம் இடது கைதான். "நீங்கள்லாம் சுத்துற பக்கம் என் நூலு சுத்தாது ரோசு. என் வட்டம் எதிர்த்தாப்புல ஓடும், பாத்தியா?" என்று நீங்களே எனக்குக் காட்டினீர்கள். கையும் இறுக்கம். கொஞ்சம் தளர்த்திப் போடுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "இழுத்துப் போடாட்டி அவுந்துடும்லா" என்பீர்கள்.

அப்படி இழுத்ததில் சதுரம் ஏழு அங்குலத்துக்கே நின்றுவிட்டது. நான்கு மூலையும் மேலே சுருண்டுகொண்டன. அதை அட்டைமேல் வைத்து எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினேன். "இது சதுரம் இல்ல அண்ணி, பால் மங்கு. மரத்துல கட்டுனா ரப்பர் பாலு புடிக்கலாம்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்த மங்கை மரத்தில் கட்டிக் கட்டியே கை காய்த்துப்போன ஒரே ஆள் அந்த மண்டபத்தில் நீங்கள்தான். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஈரத்துணி போட்டுத் தேய்த்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். தேய்க்கவில்லை. பிரித்தேன். உங்கள் கடைசி முடிச்சை அவிழ்க்கவே எனக்கு அரைமணி ஆயிற்று. பிரித்த நூல் மேசைமேல் மீ நூடுல்ஸ் மாதிரி சுருண்டு கிடந்தது. அதே நூலில் எட்டங்குலம் சரியாக வருகிற மாதிரி நானே பின்னி முடித்தேன். நீங்கள் அவ்வளவு நெருக்கமாகப் போட்டிருந்ததால் நூல் மிச்சமும் வந்தது.

உங்களுக்கு உதவி செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். மிஸஸ் சோங் முன்னால் நம் வரிசை கோணக்கூடாது. என் அண்ணி தோட்டத்திலிருந்து வந்தவர் என்று அந்தச் சதுரம் ஊருக்குச் சொல்லிவிடக்கூடாது. அவ்வளவுதான் அண்ணி. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சதுரங்களை இணைத்துத் தைக்கும் நாளில் உங்கள் கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தீர்கள். நடுவட்டத்தின்மேல் விரல் ஊர்ந்து போனது, பாதியில் நின்றது. அப்போதுதான் எனக்கு உயிரே போனது. வட்டம் என் பக்கமாக ஓடுகிறது! பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். அளவைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், கையை மறந்துவிட்டேன்.

"நல்லா வந்திருக்கு ரோசு. நீட்டா இருக்கு" என்றீர்கள்.

"தண்ணி கொதிக்குது அண்ணி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடினேன். தேநீரோடு திரும்பியபோது வரிசை முழுதும் தைத்து முடிந்திருந்தது. எதை யார் தைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

நகர மண்டபத்துச் சுவரில் திரையை மாட்டிய அன்று செலினைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். பள்ளிச் சீருடையில் நின்றாள். "உங்களோடது எதும்மா?" என்று கேட்டாள். "அந்தக் கடைசியில இருக்கிறது, பச்சை" என்று கை காட்டினீர்கள். நான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். தெரியாமல் சொன்னீர்களா? இல்லை, எனக்காகப் பெற்ற பிள்ளையிடம் பொய் சொன்னீர்களா?

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது தினமும் கஞ்சி கொண்டுவந்தேனே, தினமும் தொண்டைவரை வந்தது. வந்த பேச்சை விழுங்கிவிட்டுப் பாசாரில் மீன் என்ன விலை என்று பேசினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்தது, வாய்தான் திறக்கவில்லை.

இப்போது அந்த நகர மண்டபத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். திரையை இறக்கி, அவரவர் வரிசையை அவரவரிடமே கொடுத்துவிட்டார்கள். செலின் கேள்விப்பட்டுப் போன் செய்தாள். "அம்மா கைபட்டது என்கிட்ட ஒண்ணுமே இல்ல அத்தே. ஒரு கைக்குட்டைகூட இல்ல. அந்தச் சதுரத்தை மட்டும் பிரிச்சி வைங்க, நான் வாரேன்" என்றாள். "சரிம்மா" என்றேன்.

நேற்று மத்தியானம் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தேன். வரிசையின் கடைசியில் உங்கள் சதுரம், அதை ஒட்டி என் சதுரம். திருப்பிப் போட்டு, நடுத்தையலில் கத்தரியின் நுனியைச் செருகினேன். நுழையவில்லை. அவ்வளவு இறுக்கம். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரிசையில் பத்துத் தையல்கள். ஒன்பது ஒரே பக்கம் சரிந்திருக்கின்றன. இது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சரிந்திருக்கிறது.

அண்ணி, உங்கள் இடது கை.

தெரிந்துதான் தைத்தீர்கள். தன்னுடையது இல்லை என்று தெரிந்த சதுரத்தைக் கையில் வாங்கி, அதை என்னுடையதோடு சேர்த்து நீங்களே தைத்தீர்கள். நான் உள்ளே தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த நேரத்தில். கோபத்தில் இப்படி இழுத்தீர்களா, பாசத்திலா? உங்கள் கை எப்போதுமே இறுக்கம். அதை வைத்து என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை.

கத்தரிக்கோலைத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். சனிக்கிழமை செலினிடம் இரண்டு சதுரத்தையும் சேர்த்தே கொடுப்பேன். மங்கு என்று சிரித்ததைச் சொல்வேன், பிரித்ததைச் சொல்வேன், ஒன்றையும் மறைக்க மாட்டேன். அவள் கோபப்பட்டால் படட்டும். எனக்கு அது வரவேண்டியதுதான். பிறகு திருப்பிப் போட்டு, பச்சையில் உன் அம்மா இல்லை, நடுவில் இருக்கிற இந்த எட்டங்குலத் தையல்தான் உன் அம்மா, இதை மட்டும் எந்தக் காலத்திலும் பிரித்துவிடாதே என்று சொல்லிக் கொடுப்பேன். இது சத்தியம் அண்ணி.

நீங்கள் இழுத்துத் தைத்ததால் இன்னும் விட்டுப்போகாத
உங்கள் நாத்தனார்,
ரோசு