மெம்பரக்காவின் தைலப் போத்தல்

செவ்வாய்க்கிழமை, ராகலை.

பிரதேச சபை மெம்பர் செல்வராணி அக்கா காசு கொடுக்காமல் ஒரு தைலப் போத்தலைக் கைப்பைக்குள் போட்டது நேற்று நான் வேலை செய்யும் கடையின் கேமராவில் தெரிந்தது. அதை என் போனில் பிடித்து, சிரிப்பதற்காக ஒரே ஒரு கூட்டாளிக்கு அனுப்பினேன். காலையில் பார்த்தால் ராகலை முழுக்கப் பரவியிருந்தது. மத்தியானம் அவர் பதவியை விட்டுவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது தண்ணி, சாக்கு என்று சொல்லி ஆளுக்கு மூன்று கிலோ எடையில் வெட்டுவார்கள். தராசுக்கு முன்னால் நின்று "இது களவு" என்று கத்தியவர் அவர் ஒருவர்தான். அதற்காகத்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயமே அவருக்கு ஓட்டுப் போட்டது. வெட்டும் நின்றிருந்தது.

இன்று சாயந்தரம் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை மறுபடி மூன்று கிலோ வெட்டியிருக்கிறான். "கூப்பிடுங்களேன் ஒங்க தைலக்காரிய" என்று சிரித்தானாம். தராசடியில் மட்டும் எவனும் கேமரா மாட்டவில்லை.

அம்மா முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். "ஒங்க கடையில எந்த நாயிடா அத அனுப்பிச்சிச்சி?"

"தெரியாதும்மா."

"தெரியாட்டிப் போ. நாளைக்கிக் காலையில பொம்பளைங்க எல்லாம் கடைக்கி வர்றோம். நாங்களே கேட்டுக்கிறோம்."

நாளை எனக்குக் காலை வேலை.