கேப்டன் கடை மீன்

பிப்ரவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

இப்படி அழைக்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு எப்படித் தொடங்கினாலும் யாரோ மூன்றாம் மனிதருக்கு எழுதுவதுபோல் இருந்தது, கிழித்துப் போட்டேன். வீட்டுக்குப் போன் செய்தால் அத்தை எடுப்பார்களோ என்று பயம். அதனால் நீங்கள் பேப்பர் படிக்கப் போகும் சங்க அலுவலகத்துக்கு எழுதுகிறேன்.

விவாகரத்து முடிந்த கையோடு மாற்றல் வாங்கிக்கொண்டு இந்தக் கடலோர ஊருக்கு வந்துவிட்டேன். அதே எக்ஸ்ரே வேலைதான். மூச்சை இழுத்துப் பிடியுங்கள், இப்போது விடுங்கள் என்று நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மணலில் ஒரு தகரக் கொட்டகை. மீனை மாவில் தோய்த்து, பெரிய சட்டியில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். கடைக்காரருக்குப் பட்டப்பெயர் கேப்டன். படகில் கால் வைத்தாலே அவருக்கு வாந்தி வந்துவிடுமாம்.

நேற்றுத் தனியாகப் போய் உட்கார்ந்தேன். முதல் துண்டிலேயே நாக்கு வெந்துவிட்டது. ஆறட்டும் என்று பொறுக்காமல் சாப்பிடுகிறவர்கள் அந்த வீட்டில் நாம் இரண்டு பேர்தானே. அதான் எழுதத் தோன்றியது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
என்ன உறவு போடுவதென்று தெரியாமல், நான்

பிப்ரவரி 17

அன்பு மருமகளுக்கு,

உறவு என்னவென்று மேலேயே எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். கோர்ட்டில் உன்னையும் என் பையனையும்தான் கூப்பிட்டுக் கேட்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே எல்லோரும் சுகம். ரிட்டையர் ஆன பிறகும் எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டால் எனக்குத்தான் போன் வருகிறது. வீட்டில் உன் அத்தை எண்ணெய்ப் பாத்திரத்தையே கண்ணில் காட்டுவதில்லை. எல்லாம் ஆவியில் வெந்தது. மீனும் அப்படித்தான், குளித்துவிட்டு வந்து தட்டில் படுத்திருக்கிறது. உன் கடிதத்தில் எழுதியிருந்ததைப் படித்து, பேப்பர் படிக்கிறவர்கள் நடுவில் எச்சில் விழுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பழைய சிநேகிதனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

உன் மாமா

மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அன்று காற்றில் உங்கள் காகிதத் தட்டு பறந்துபோனதும், கேப்டன் கரண்டியோடு அதைத் துரத்திக்கொண்டு ஓடியதும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். மீன் தீர்ந்ததும் உருளைக்கிழங்கு கேட்டீர்கள், அப்புறம் வெங்காயம். விட்டிருந்தால் அடுப்பையே தோய்த்துப் பொரிக்கச் சொல்லியிருப்பீர்கள். நாங்கள் ஏன் பிரிந்தோம் என்று நீங்கள் கடைசிவரை கேட்கவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "ராத்திரி ஒழுங்கா தூங்குறியாம்மா?" என்று கேட்டீர்கள். அறைக்கு வந்து நன்றாக அழுதேன். பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறைக்க மனம் வரவில்லை. முந்தாநாள் உங்கள் மகன் போன் செய்தார். நாம் உட்கார்ந்திருந்ததை அவருடைய நண்பர் யாரோ பார்த்தாராம். உங்கள் மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் பேசி முடிக்கப் போகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா தப்பா நினைப்பாங்க. அப்பாவை விட்டுடேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சுவதுபோலத்தான் சொன்னார். அவர் நன்றாக இருக்கட்டும் மாமா. நீங்கள் இனி வர வேண்டாம். பதில் எழுதவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகள் (இந்த ஒரு தடவை)

மார்ச் 14

அன்பு மருமகளுக்கு,

பதில் எழுதாதே என்று நீ சொன்னதை நான் படிக்கவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

பையன் என்னிடமும் பேசினான். அவன் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தித் தருகிறேன், ஆனால் நான் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை அவன் தீர்மானிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான். வருவான். என் பிள்ளைதானே.

அத்தையிடமும் நானே உண்மையைச் சொன்னேன். வீடு இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். விளக்கை அணைக்கப் போனபோதுதான் வாயைத் திறந்தாள்.

"இளைச்சிருக்காளா?"

ஆமாம் என்றேன். அவ்வளவுதான். காலையில் எழுந்தவள், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

ஆகவே வருகிற ஞாயிறு இரண்டு பேராக வருகிறோம். உன்னிடம் அவள் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றுமே பேசாமல், அவள் தட்டிலிருந்து எடுத்து எடுத்து உன் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தால், வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் மாமா