சத்தம் வைக்காத டிவி

6.7.87 திங்கள்
காலையிலிருந்து தூறல். பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு செட் ரிப்பேர். ஒன்றில் படம் உருண்டது, சரியாயிற்று. இன்னொன்றில் பிக்சர் டியூப் அவுட். ரிட்டயர்டு வாத்தியார் வீடு. அவருக்குச் சர்க்கரை, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
அவர் சம்சாரம் தனியாக: "மெதுவாவே செய்யுங்க தம்பி. இது கெட்டதுலருந்துதான் மனுசன் கடைத்தெரு வரைக்கும் நடக்கறாரு."
சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.
வீட்டுக்கு வந்ததும் டிவி. சத்தம் முழுக்கக் குறைத்து. என் சம்சாரம் ஸ்டெல்லா இறந்து வருசம் திரும்பவில்லை, அதுவரை டிவி போடக்கூடாது. கன்னட நாடகம், பிறகு இந்திச் செய்தி. பாஷை புரியாதது வசதி. சோறு பொங்கவில்லை. பன், டீ.

7.7 செவ்வாய்
கண் எரிச்சல். கழுத்து திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து.
நர்ஸம்மா: "எவ்ளோ நேரம் டிவி முன்னால உக்கார்றீங்க?"
"முடியற வரைக்கும்."
"எது முடியற வரைக்கும்?"


மதியம் மாமனார், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து, சொல்லாமல். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று ஓட்டுக்கு மேலே பார்த்தார். அடக்கத்தன்று அவரே ஏறிக் கழற்றி வைத்த ஆன்டெனா, மறுபடி பெங்களூர் பக்கம் பார்த்துக்கொண்டு. சத்தத்தைக் குறைக்கத் தெரிந்தது எனக்கு. கூரைமேல் இது வெளியே தெரியுமென்று தோன்றவே இல்லை.
"எம் பொண்ணு போயி வருசம் ஆவலீங்களே, மாப்ள."
"சத்தம் வெக்கறதில்லீங்க மாமா."
"சத்தம் வெக்காத பாத்தா பாக்காததா ஆயிருமா?"
ஜெசியை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டேன். அம்மா இல்லாத ஒன்றரை வயதுப் பிள்ளை, கொஞ்ச நாளைக்கு என்றுதான் கொண்டுபோனார்கள்.
"பொட்டி முன்னாலயே உக்காந்திருக்கற ஆளுகிட்ட புள்ளய எப்பிடிங்க வுடறது? அங்கியே வளரட்டும்."
டீ கூடக் குடிக்கவில்லை.

8.7 புதன்
டிவி போடவில்லை. ஆனாலும் அதன் எதிரேயே உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டு அக்கா: "என்ன தம்பி, இன்னிக்கி உங்க வூட்டு ஜன்னல்ல நீல வெளிச்சம் காணோம்?" தெருவுக்கே தெரிந்திருக்கிறது.

11.7 சனி
நல்ல வெயில். ஜெசியைக் கேட்கப் பாப்பிரெட்டிப்பட்டி. தருமபுரியில் பஸ் மாறி, நின்றுகொண்டே.
மாமனார் வீட்டில் நான் மாட்டிக் கொடுத்த ஆன்டெனா கூரையில் இல்லை. உள்ளே, ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. செட் ஓடுகிறது. சத்தம் இல்லை. படமும் இல்லை, வெறும் புள்ளி. மாமனார் அதையே பார்த்துக்கொண்டு. அத்தை தரையில், ஜெசிக்கு ஊட்டிக்கொண்டு. கூப்பிட்டேன். ஜெசி திரும்பவில்லை. வாய் திறக்கிறது, கண் திரையில்.
மாமனார் என்னைப் பார்த்தார். செட்டை அணைக்கவில்லை.
அத்தை: "தெனமும் இப்பிடித்தாங்க மாப்ள. நாங்க ரெண்டு பேரும் சும்மா உக்காந்தா ஸ்டெல்லா பேச்சு வந்துருது."
கோபம் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் புள்ளியைப் பார்த்தோம்.
மாமனார், திரும்பாமல்: "படம் வர வெக்க முடியுங்களா?"
கம்பத்தில் ஏற்றினால் வரும்.
"முடியாதுங்க மாமா."
பொய். எழுந்து ஸ்விட்சை அணைத்தேன். ஜெசி கத்தினாள். தூக்கினேன். தோளைக் கடித்தாள், நான் கீழே விடவில்லை.
"புள்ளய எடுத்துக்கிட்டுப் போறனுங்க. எங்கூட்டு ஆன்டெனாவ எறக்கிடறேன்."
மாமனார் அணைந்த செட்டையே பார்த்தார். பிறகு அத்தையிடம்: "அவ கவுனெல்லாம் எடுத்து வையி."

12.7 ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. ஆன்டெனா இறக்கியாயிற்று, செட் பரண் மேல். காலையிலிருந்து ஜெசி எதுவும் சாப்பிடவில்லை. செட் இருந்த மேசையைத் தட்டித் தட்டி அழுகை. மடியில் வைத்தால் வாயை மூடிக்கொள்கிறாள். கிண்ணத்தோடு தெருவுக்குத் தூக்கிப் போனேன். பஞ்சரான லாரி ஒன்று. டிரைவர் டயர் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் வாங்கினாள். இன்னொரு வாய். டயர் மாட்டி முடித்து லாரி போய்விட்டது. சோறு பாதி இருக்கிறது.