நெனச்சீங்களா மச்சான்

வெள்ளிக்கிழமை இரவு, சிதம்பரம்.

இதயத்துக்குக் குழாய் விட்ட தொடை இடுக்கு இன்னும் கன்றிப்போய்த்தான் இருக்கிறது. இன்று கடலூரில் டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு, "இனிமே பழைய மாதிரி படபடப்பு வராதும்மா, அந்த இடத்தைச் சுட்டுட்டோம்" என்றார். அம்மா அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். நான் ஈசிஜி தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

கல்யாணமாகி மச்சான் துபாய் போனதிலிருந்து, நெஞ்சு படபடத்தால் உடனே போன் போடுவேன். "மச்சான், இப்ப என்னை நெனச்சீங்களா?" "ஆமா புள்ள" என்பார். மற்றவர்களுக்கு விக்கல், எனக்கு இது என்று இருந்தேன். நோய் என்று ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. அந்தப் படபடப்புதான் நோய் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இரவு இஷா தொழுகைக்குப் பிறகு அவரே கூப்பிட்டார். "ஏன் இன்னிக்கு போனே பண்ணல? காலையிலேருந்து உன் நெனப்புதான். ஒண்ணும் தெரியலையா?"

"தெரிஞ்சுது மச்சான்" என்றேன்.

எழுதிக்கொண்டே இடது கையை நெஞ்சில் வைத்துப் பார்க்கிறேன். ஒழுங்காக அடிக்கிறது. டாக்டர் இன்னொன்றும் சொன்னார். புண் ஆறும்வரை எப்போதாவது ஒரு துடிப்பு தப்புமாம், பயப்பட வேண்டாமாம்.

அந்த ஒன்று வரட்டும் என்றுதான் தூங்காமல் இருக்கிறேன்.