நோயாளி பேசும்போது பிரஷர் பார்த்தவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். உன் சௌக்கியம் நான்கு மாதமாக அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது, நேரே கேட்க ஆசை. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, ஆனால் நான் சொன்ன பயிற்சியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னதைத்தான் செய்கிறாள், முப்பது வருஷ டாக்டருக்கு வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

நான் மறுபடி மாணவனான கதையை அம்மா சொல்லியிருப்பாள். பேச்சாலேயே மனசுக்கு வைத்தியம் பார்க்கிற உளசிகிச்சைப் படிப்பு, டாக்டர், நர்ஸ் ஆட்களுக்கென்றே இரண்டு வருஷம், சனிக்கிழமை வகுப்பு, பதினெட்டுப் பேரில் நான்தான் கிழவன். ஆளுக்கொரு நோயாளியோடு வாரம் ஐம்பது நிமிஷம் உட்கார்ந்து, அவர் சம்மதத்தோடு பதிவு செய்து வகுப்பில் போட்டுக் காட்ட வேண்டும். எனக்கு வந்தவர் ஒரு பஸ் டிரைவர், விபத்துக்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. போன மாதம் என் பதிவைப் போட்டார்கள். மனிதர் அரைமணி நேரம் சுற்றி வளைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தாலே உடம்பு நடுங்குது சார், வீட்ல யார்கிட்டயும் சொல்லல என்று ஆரம்பிக்கிறார். உடனே புஸ் புஸ் என்று ஒரு சத்தம். நான் பிரஷர் பார்க்கிறேன்! கூடவே என் குரல், கொஞ்சம் பேசாம இருங்க என்கிறது. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். எங்கள் ஆசிரியை, உன்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும், அவர் மட்டும் சிரிக்கவில்லை. டிரைவர் அழப்போறார்னு தெரிஞ்சதும் உங்களுக்கு என்ன ஆச்சு டாக்டர் என்று கேட்டார். நூற்று முப்பதுக்கு எண்பத்தைந்து என்றேன். உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன் என்றார். பயமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டேன், அத்தனை பேர் நடுவில், இந்த வயதில். டிரைவரும் அடுத்த வாரம் வரவில்லை. நானே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன், வந்தார். மிஷினை வெளியே கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன், ஐம்பது நிமிஷமும் அவர்தான் பேசினார், எனக்குத்தான் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்று வீடு திரும்பும்போது உன் நினைப்புதான். நான்கு மாதம் முன்னால் போனில், வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அழுகையா வருதுப்பா என்றாய். நான் தைராய்டாக இருக்கும் என்று ரத்தப் பரிசோதனை எழுதி அனுப்பினேன். நீயும் எடுத்து அனுப்பினாய், எல்லாம் நார்மல், கவலைப்படாதே என்று பதில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அதோடு நீ என்னிடம் பேசுவதை விட்டாய். வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தப்புப் பண்ணிவிட்டேன் பாப்பா. தைராய்டு என்றால் என்னால் சரிசெய்ய முடியும், வேறெதுவானாலும் என்ன செய்வதென்று தெரியாது, அதனால் தைராய்டாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன், அவ்வளவுதான் விஷயம்.

அங்கே என்னம்மா நடக்கிறது? மேலதிகாரி தொல்லையா, தனியாக இருப்பதா, அந்த வேலையே பிடிக்கவில்லையா, பார், மறுபடி பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். நீயே சொல். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போனோடு உட்கார்ந்திருப்பேன். பேச்சு வராமல் அழுகை மட்டும் வந்தாலும் போன் பண்ணு, நான் வைக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிறு ஆறு மணி, மறந்துவிடாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நன்றாக இல்லாத நாளில் அப்பாவிடம் வர வேண்டும்.

என்றும் உன்
அப்பா