ரம்ஜானுக்கு முந்தின நாள் சம்பளம்

ஜூன் 8, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். அரிசி ஆலைக்குள் நிற்க முடியவில்லை. கரண்ட் பில் கட்டியாயிற்று. பி.பி. மாத்திரை வாங்க வேண்டும்.

வியாழனன்று தொழிலாளர் ஆய்வாளர் வருகிறார். சம்பளப் பதிவேடு, விடுமுறைப் பட்டியல், எல்லார் கையெழுத்தும் வேண்டுமாம். என் வீட்டுக்காரர் போனபின் ஒன்பது வருடமாக ஆலையை நடத்துகிறேன். பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது.

ஒரே குறை, நூர்ஜஹான். கூத்தாநல்லூர்க்காரி, களத்தில் நெல் காயவைப்பவள். மார்ச் சம்பளத்துக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கணக்கு தப்பாம். என் கணக்கு!

ஜூன் 9, செவ்வாய்
கணக்கர் செந்தில் கம்ப்யூட்டரில் மார்ச் மாதத்தைக் காட்டினான்.
வெள்ளி: ரம்ஜான் (டிசம்பரில் ஒட்டிய பட்டியல்படி). எல்லாருக்கும் சம்பளத்தோடு விடுமுறை.
சனி: நூர்ஜஹான், பாத்திமா, சபுரா வரவில்லை. ஒரு நாள் பிடித்தம்.

சரிதானே. பிறை தெரியாமல் பெருநாள் சனிக்குத் தள்ளிப்போனது, வெள்ளிக்கிழமை வேலை பார்த்தோம் என்று நூர்ஜஹான் அப்போதே சொன்னாள். அந்த வெள்ளி நான் தஞ்சாவூரில், கண் ஆஸ்பத்திரியில். மூடின ஆலையில் என்ன வேலை, பொய் சொல்லாதே என்றேன். களத்தில், எல்லார் முன்னாலும்.

சாயங்காலம் தூறல். நெல்லை மூட தார்ப்பாய் போதவில்லை.

ஜூன் 10, புதன்
மனம் கேட்கவில்லை. களத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வெள்ளி, மேஸ்திரி கோவிந்தன் கையெழுத்தில்: “ஊறல் 60 மூ. அவித்து, காயல். ஆள் 3. நூ., பா., ச.”

கோவிந்தனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஊறின நெல் இன்னொரு நாள் கிடந்தால் நாறிவிடும். அவர்களுக்குப் பெருநாள் மறுநாள்தானே என்று மூவரையும் வரச் சொன்னானாம். செந்திலிடம் சொல்ல மறந்துவிட்டானாம்.

விடுமுறையில் வேலை என்றால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. நான் கொடுத்தது ஒற்றை. வேறொரு நாளும் இல்லை. சனிக்குப் பிடித்தே விட்டேன். நோன்போடு வெயிலில் நெல் கிளறியிருக்கிறாள்.

செந்தில்: “சனிக்கிழமைய மட்டும் லீவுன்னு மாத்திடலாங்க மேடம். ரெண்டு நிமிஷ வேலை.”
மாற்றினால் வெள்ளி வேலை மறைந்துபோகும். கான்வென்டில் படித்தபோது எங்களுக்கு ரப்பர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை, தப்பை அழிக்காமல் கீழே திருத்தி எழுத வேண்டும். தனி வரிகளாக நானே எழுதினேன். விவரம், தொகை, தவறு ஆலையுடையது.

மத்தியானம் மூவருக்கும் பாக்கிப் பணம் கவரில் கொடுத்தேன். பாத்திமா, சபுரா கையெழுத்துப் போட்டார்கள். நூர்ஜஹான் பணத்தை எண்ணிப் பார்த்துக் கவரை மேசைமேல் வைத்தாள்.

“காசு சரியா இருக்குங்கம்மா. பொய் சொல்றேன்னு களத்துல வச்சு சொன்னீங்களே, அத எங்க எழுதியிருக்கீங்க?”

கையெழுத்து இல்லாவிட்டால் நாளை எனக்கு என்ன ஆகும், தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். போய்விட்டாள்.

என்ன திமிர். எழுபத்தாறு வயதில் நான் களத்தில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

ஜூன் 11, வியாழன்
வெயில். ஆய்வாளர் பத்தரைக்கே வந்துவிட்டார். காபி கொடுக்கச் சொல்லிவிட்டுக் களத்துக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், கால் சுட்டது. பதினோரு பேர். கிளறுவதை நிறுத்தச் சொன்னேன்.

“அந்த வெள்ளிக்கிழமை நூர்ஜஹான் வேலை பாத்திருக்கா. நான்தான் விசாரிக்காம பொய்னு சொன்னேன். தப்பு என்னோடது.”

இவ்வளவுதான் வந்தது. கோவிந்தன் தலைகுனிந்து நின்றான்.

நூர்ஜஹான் கையைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். பாத்திமாவின் வரி, சபுராவின் வரி, விரல் வைத்துப் படித்தாள். அப்புறம் தன்னுடையது. ஆய்வாளர் வாட்சைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. படித்து முடித்துக் கையெழுத்துப் போடும்வரை நானும் நின்றுகொண்டிருந்தேன்.